பழைய டிஜிட்டல் பியானோவை அப்கிரேடு செய்ய முடியாதா?

கேள்வி: ஏழு வருடத்துக்கு முன்னால் மகளுக்காக 88 கட்டை உள்ள ஆரம்ப நிலை டிஜிட்டல் பியானோ ஒன்று வாங்கினோம். இப்போது அவள் பியானோ தேர்வில் கிரேடு 5 முடித்துவிட்டாள். ஒலி தட்டையாக இருக்கிறது. நடுவில் இரண்டு கட்டைகள் மெல்லத் தொட்டாலே திடீரென்று அலறுகின்றன. ஆசிரியர் புதிது வாங்கச் சொல்கிறார். கம்ப்யூட்டரில் ரேம் மாற்றுகிற மாதிரி இதில் ஒலியை மட்டும் மாற்ற முடியாதா? கம்பெனிகள் ஏன் அப்படித் தயாரிப்பதில்லை? (வாசகர், சென்னை)

பதில்: ஒலியை மாற்றலாம், ஆனால் பெட்டியைத் திறந்து அல்ல, வெளியிலிருந்து. அலறும் கட்டைகளைச் சரி செய்யலாம், அதற்காகப் புதுப் பியானோ வாங்க வேண்டியதில்லை. மாற்றவே முடியாதது கட்டைகளின் கனமும் அவை இறங்கி ஏறும் விதமும்தான், புதிது வாங்குவதா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் அந்த அலறலை முடித்துவிடுவோம். நாம் எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்பதை டிஜிட்டல் பியானோ அளப்பதில்லை, கட்டை எவ்வளவு வேகமாக இறங்கியது என்றுதான் அளக்கிறது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் குமிழ் ஒன்று இருக்கும், அதில் கார்பன் பூசிய தொடுப்புகள் இரண்டு, சில மாடல்களில் மூன்று. ஒன்று முன்னால் தொடும், இன்னொன்று கொஞ்சம் பின்னால். நடுவில் இருக்கும் நேரம் குறைவாக இருந்தால் சத்தம் அதிகம், அவ்வளவுதான் கணக்கு. தூசியோ ஈரப்பதமோ படிந்து முதல் தொடுப்பு தாமதமாகப் பதிந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் தொட்டதாகக் கருவி எடுத்துக்கொண்டு முழுச் சத்தத்தில் ஒலித்துவிடும். எல்லா கம்பெனிப் பியானோவிலும் வருகிற தேய்மானம்தான் இது, கடற்கரை ஊர்க் காற்றில் கொஞ்சம் சீக்கிரம் வரும். ரப்பர் பட்டையையும் அதன் கீழே உள்ள சர்க்யூட் போர்டையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும், ஆகாவிட்டால் அந்தப் பகுதிக்கான பட்டையை மட்டும் மாற்றலாம். கட்டைகளைக் கழற்றும் வேலை என்பதால் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள், யூடியூப் பார்த்து நீங்களே இறங்க வேண்டாம்.

அப்புறம் ஒலி. உங்கள் பியானோவின் பின்பக்கம் யூஎஸ்பி துளை இருக்கிறதா என்று பாருங்கள், பிரிண்டருக்குப் போடுகிற அதே சதுர முனை. இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதை லேப்டாப்பிலோ ஐபேடிலோ செருகினால் பியானோ வெறும் கட்டைப் பலகையாகிவிடும், ஒலி கம்ப்யூட்டரிலிருந்து வரும். பியானோடெக் மாதிரி மென்பொருள்கள் ஒலியைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளாமல் தந்தி எப்படி அதிரும் என்பதைக் கணக்குப் போட்டே உருவாக்குகின்றன, அதனால் கம்ப்யூட்டரில் இடமும் அதிகம் கேட்காது. பணம் கொடுப்பதற்கு முன் அதன் இலவச டெமோவைப் போட்டுப் பாருங்கள். சில கட்டைகள் ஒலிக்காது, 20 நிமிடத்தில் நின்றுவிடும், ஆனால் உங்கள் காதுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று முடிவு செய்ய அது போதும். பெடலை அழுத்திக்கொண்டே வாசிக்கும்போது பழைய சுரங்கள் பொசுக்கென்று அறுந்துபோகும் தொல்லை இருந்தால் அதுவும் இதில் தீர்ந்துவிடும், ஏனென்றால் இனி பியானோவுக்குள் இருக்கும் சிப்பின் பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்கலாம் என்ற வரம்பு, கணக்கிலேயே வராது.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. ப்ளூடூத் ஹெட்போனோ ஸ்பீக்கரோ வேண்டவே வேண்டாம், விரல் அழுத்திய பிறகு ஒலி வர ஆகும் தாமதம் தாளத்தையே கெடுத்துவிடும், கம்பி ஹெட்போன்தான் சரி. விண்டோஸ் லேப்டாப் என்றால் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவர் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், அது இல்லாமல் வாசித்துப் பார்த்துவிட்டு 'இது சரிப்படாது' என்று விடுகிறவர்கள்தான் அதிகம். ஐபேடில் இந்தத் தலைவலி கிடையாது. பியானோவின் சொந்த ஒலியும் சேர்ந்து கேட்டால் அமைப்பில் 'லோக்கல் கண்ட்ரோல்' என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கலாம்: யமஹா பி-45, ரோலண்ட் எஃப்பி-10 போன்ற ஆரம்ப நிலை மாடல்களில் வெளி ஒலியை உள்ளே வாங்கும் துளையே கிடையாது, ஆகவே பியானோவின் ஸ்பீக்கர் வழியாக கம்ப்யூட்டர் ஒலியைக் கேட்க முடியாது, தனியாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வேண்டும்.

சரி, கம்பெனிகள் ஏன் பாகம் மாற்றும்படி செய்வதில்லை என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். செய்து பார்த்திருக்கிறார்கள். ரோலண்ட் 1990களில் ஒலி அட்டைகள் விற்றது, கருவியின் மூடியைக் கழற்றிச் செருகினால் புது ஒலிகள் வரும். பிறகு எஸ்ஆர்எக்ஸ் என்று வேறு வகை அட்டை கொண்டுவந்தார்கள், ஆர்டி-700 மேடைப் பியானோவில் அதற்கு ஸ்லாட் இருந்தது. ஆனால் பழைய அட்டை புது ஸ்லாட்டில் பொருந்தாது. அப்புறம் அந்த வகையும் நின்றுபோய், அதே ஒலிகளை இன்று மென்பொருளாக விற்கிறார்கள். மாறாக, எந்தக் கட்டையை எப்படி வாசித்தோம் என்பதை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குச் சொல்ல 1983-ல் பல கம்பெனிகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட மிடி இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த வருடத்துக் கருவியை இன்றைய லேப்டாப்போடு இணைத்தாலும் வேலை செய்கிறது. ஒரு கம்பெனி தனக்கென்று வைத்துக்கொள்ளும் ஸ்லாட், அந்தக் கம்பெனிக்கு ஆர்வம் இருக்கும்வரைதான். அதனால் 'அப்கிரேடு ஸ்லாட் வேண்டும்' என்று கேட்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வெளி ஒலியை உள்ளே வாங்க ஒரு துளை, யூஎஸ்பியிலேயே ஒலியும் போய்வரும் வசதி, பத்துப் பதினைந்து வருடத்துக்கு ரப்பர் பட்டையும் அடாப்டரும் கிடைக்கும் என்ற உறுதி, இவற்றைக் கேட்கலாம். 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த பழுதுபார்க்கும் உரிமை உத்தரவின் பட்டியலில் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், மொபைல் எல்லாம் இருக்கின்றன, இசைக்கருவியைக் காணோம்!

கட்டைகளையே மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். வேடிக்கை என்னவென்றால் தொழிற்சாலைக்குள் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது, இத்தாலியின் ஃபதார் நிறுவனம் செய்யும் கட்டைத் தொகுதியைப் பல கம்பெனிகள் வாங்கித் தங்கள் பெட்டிக்குள் பொருத்துகின்றன, சுவீடனின் நோர்ட் நிறுவனத்தின் 'நோர்ட் கிராண்ட்' பியானோவில் இருப்பது ஜப்பானின் கவாய் செய்த கட்டைகள். ஆனால் சென்சார், பெட்டியின் அளவு, வேகத்தை ஒலியாக மாற்றும் கணக்கு எல்லாம் அந்தத் தொகுதிக்கென்றே அமைந்தவை. எடையிலும் விலையிலும் பெரும் பங்கு அதற்குத்தான் போகிறது. வீட்டில் அதை மாற்றும் செலவு ஒரு புதுப் பியானோவை நெருங்கிவிடும், யாருக்கும் கட்டுப்படியாகாது. ஒலியைப் பொறுத்தவரை இதே நோர்ட் நல்ல வழி காட்டியிருக்கிறது: தன் பியானோ ஒலிகளை இலவசமாகத் தருகிறது, நமக்குப் பிடித்ததை இறக்கிக் கருவிக்குள் ஏற்றிக்கொள்ளலாம். விலைதான் வேறு உலகம்.

இப்போது ஆசிரியர் சொன்னது. அவர் ஒலியைக் குறை சொல்கிறாரா, கட்டையையா என்று முதலில் கேளுங்கள். 'ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வேகமாக வாசிக்க முடியவில்லை, மெல்லிய வாசிப்பு கையில் நிற்கவில்லை' என்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு சென்சார், அதாவது முன்னால் சொன்ன தொடுப்பு இரண்டு மட்டும் உள்ள கட்டை முக்கால்வாசி மேலே வந்தால்தான் மறுபடி ஒலிக்கும், மூன்று சென்சாரில் அதற்கு முன்பே ஒலிக்கும், கிரேடு 6-க்கு மேலே இது விரலில் தெரிய ஆரம்பிக்கும்.

அப்படி மாற்றுவதென்றால் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். நீங்கள் மாடல் பெயர் எழுதவில்லை, அதனால் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்: பி-45 வைத்திருப்பவர் பி-125 வாங்கினால் பாலிஃபோனி 64-லிருந்து 192 ஆகும், ஆனால் கட்டை அதே ஜிஎச்எஸ் வகைதான். எஃப்பி-10-லிருந்து எஃப்பி-30எக்ஸ் போனாலும் ஸ்பீக்கரும் ஒலியும் பெரிதாகும், கட்டைத் தொகுதி அதே பிஎச்ஏ-4 ஸ்டாண்டர்டு. வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளக்கூடியதற்காக முழுப் பியானோவின் விலையைக் கொடுப்பது எனக்கு வீண் செலவாகத்தான் படுகிறது. கடைக்கு மகளையும் கூட்டிப்போங்கள், பியானோவை அணைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒலி இல்லாதபோதுதான் கட்டை எப்படி என்று கைக்குத் தெரியும், விற்பனையாளர் கொஞ்சம் விசித்திரமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

எதையும் வாங்குவதற்கு முன் பெடலையும் ஒரு முறை பாருங்கள். ஆரம்ப நிலை மாடல்களோடு பெட்டியில் வருவது பெரும்பாலும் 'ஆன், ஆஃப்' மட்டும் தெரிந்த சின்னப் பெடல், பாதி அழுத்தினால் அதற்குப் புரியாது. யமஹா என்றால் எஃப்சி3ஏ, ரோலண்ட் என்றால் டிபி-10 அரைப் பெடலைப் புரிந்துகொள்ளும், உங்கள் மாடல் அதை ஏற்குமா என்று மேனுவலில் 'ஹாஃப் பெடல்' என்ற சொல்லைத் தேடுங்கள். கம்பெனி மாற்றிச் செருகினால் அழுத்தும்போது நிற்பதும் விடும்போது நீள்வதுமாகத் தலைகீழாக வேலை செய்யலாம், அதனால் அதே கம்பெனிப் பெடலாகவே வாங்குங்கள்.