கோபம் வந்தால் கை நீட்டும் பிள்ளை: வீட்டிலும் வகுப்பிலும் என்ன செய்யலாம்?

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், விளையாட்டில் தோற்றாலோ யாராவது அவன் பென்சிலை எடுத்தாலோ உடனே அடித்துவிடுகிறான். பள்ளி டைரியில் அடிக்கடி புகார் வருகிறது. அவன் அப்பா அடித்தும் பார்த்துவிட்டார். பாட்டியோ, ‘ஆம்பளப் பிள்ளைன்னா அப்படித்தான்’ என்கிறார். நாங்கள் என்ன செய்வது? மிஸ்ஸிடம் என்ன பேசுவது?

பதில்: அடிப்பது தப்பு என்று உங்கள் மகனுக்கு நன்றாகவே தெரியும். அந்த நொடியில் கையை நிறுத்தத்தான் வரவில்லை. உந்துதலை அடக்கும் முன்மூளைப் பகுதி முழுமையாக வளர ஏறக்குறைய 25 வயது ஆகும். ஏழு வயதில் அது தொடக்க நிலையில்தான் இருக்கும். அதனால் அறிவுரையைவிடப் பயிற்சிதான் அவனுக்கு அதிகம் தேவை.

கோபம் உச்சத்தில் இருக்கும்போது எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. கையைப் பிடித்து, மற்றப் பிள்ளையிடமிருந்து விலக்கி, “அடிக்க விடமாட்டேன். ரொம்பக் கோபமா இருக்க, தெரியுது” என்று மட்டும் சொல்லுங்கள். அவன் சாப்பிட்டு, உடம்பு தளர்ந்தபிறகு உட்கார்ந்து பேசுங்கள். “ஏன் அடிச்ச?” என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான் பதிலாக வரும். “அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?” என்று கேட்டால் கதை வரும். அந்தக் கதைக்குள் ஏமாற்றம், பொறாமை, அவமானம், பயம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதன் பெயரை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாக ஆய்வாளர்கள் 2007-இல் பெரியவர்களிடம் நடத்திய மூளை ஸ்கேன் ஆய்வில், உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது, பயம் போன்ற உணர்ச்சிகளைக் கிளப்பும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் கிளர்ச்சி குறைந்தது தெரியவந்தது.

அப்பா அடிப்பது இன்றோடு நிற்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பெரியவர்களுக்குக் கோபம் வந்தால் அடிக்கலாம் என்பதைத்தான் அவன் அதிலிருந்து கற்கிறான். “இனிமே அடிக்க மாட்டேன், கோபம் வந்தா கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வருவேன்” என்று அப்பாவே அவனிடம் சொல்லி, அப்படியே நடந்து காட்டட்டும். பாட்டியிடம் வாதாட வேண்டாம். அடுத்து நான் சொல்லப்போகும் விளையாட்டில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோற்பதைப் பழக வீட்டில் பரமபதம் ஆடுங்கள். திறமைக்கு இடமே இல்லாத ஆட்டம் என்பதால் தோற்றவருக்கு அவமானம் குறைவு. ஆனால் 90-ஐத் தாண்டியபிறகு பாம்பு கடித்தால் வரும் எரிச்சல் நிஜமானது. அவனுக்காக விட்டுக்கொடுத்துத் தோற்காதீர்கள். உங்களைப் பாம்பு கடிக்கும்போது, “அய்யோ, வயிறெல்லாம் எரியுது! இரு, தண்ணி குடிச்சிட்டு வந்து போடுறேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பாட்டியும் அப்படியே செய்யட்டும். பெரியவர்கள் ஏமாற்றத்தை எப்படிக் கடக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது அபூர்வம். நாம் அதை உள்ளுக்குள் விழுங்கிவிடுகிறோம். ஆட்டம் பாதியில் கலைந்தாலும் பரவாயில்லை, மறுநாள் மறுபடி விரியுங்கள். சில வாரங்களில், காயைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு கணம் தயங்குவான். அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும், “கோபம் வந்தும் கையை நிறுத்திட்டியே” என்று சொல்லுங்கள்.

அடிபட்ட பிள்ளையிடம் கட்டாயப்படுத்தி ‘ஸாரி’ சொல்லவைப்பதால் பயன் குறைவு. “அவனுக்கு வலிச்சிருக்கும். இப்ப நாம என்ன செஞ்சா சரியாகும்?” என்று கேளுங்கள். உடைந்த பென்சிலுக்குப் புதுப் பென்சில் கொடுப்பதோ, அடுத்த ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வதோ, யோசனை அவனிடமிருந்தே வரட்டும்.

மிஸ்ஸைப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிறுத்திப் பேசாமல், நேரம் கேட்டுப் போய்ப் பாருங்கள். எந்த நேரத்தில், யாரோடு, எதற்குப் பிறகு நடக்கிறது என்று இரண்டு வாரம் குறித்துத்தரச் சொல்லுங்கள். இன்டர்வெல், வரிசையில் நிற்பது, பி.டி. பீரியட் என மேற்பார்வை தளரும் நேரங்களில்தான் பெரும்பாலும் நடக்கும். தெரிந்துவிட்டால் அந்த நேரத்தில் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், நோட்டுகளை விநியோகிக்கும் பொறுப்பைக் கொடுக்கலாம். சண்டையில்லாத நாளையும் டைரியில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வகுப்பின் முன் ‘முரடன்’ என்று அழைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு தடைசெய்கிறது.

“போர்ஷன் முடிக்கவே நேரமில்லையே” என்று மிஸ் சொன்னால், அதுவும் நியாயமான கவலைதான். ஆனால் 2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் 213 பள்ளித் திட்டங்களை, சுமார் 2.7 லட்சம் மாணவர்களின் தரவுகளோடு ஆராய்ந்தது. அந்தப் பயிற்சி பெற்றவர்கள் படிப்பிலும் மற்றவர்களைவிட 11 பர்சென்டைல், அதாவது நூறு பேரை வரிசைப்படுத்தினால் சராசரியாகப் பதினோரு இடம், முன்னேறியிருந்தார்கள்.

இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்தும் மாற்றமில்லை என்றாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, பேச்சிலும் வாசிப்பிலும் தடுமாறினாலோ, குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். காது சரியாகக் கேட்காததும் வாசிப்புச் சிரமமும்கூடக் கோபமாக வெளிப்படும். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறியும் அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் (DEIC) 18 வயது வரை கட்டணமின்றிப் பரிசோதிப்பார்கள். அரசின் மனநல உதவி எண்ணான ‘டெலி மானஸ்’ 14416-ஐ எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்காக மட்டுமில்லாமல், களைத்துப்போன உங்களுக்காகவும் அழைக்கலாம்.