பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன், ஐயா. பழைய 1500 சிசி வி-ட்வின் (இரட்டைச் சிலிண்டர்) க்ரூஸர் மோட்டார்சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறேன். ஓராண்டுக்குள் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. ஆனாலும் ஈப்போவுக்குப் போய்த் திரும்பினால், மறுநாள் காலையில் ஸ்டார்ட்டர் ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிடுகிறது. மூன்றாவது பேட்டரி வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம், தம்பி. ஓராண்டில் இரண்டு பேட்டரி செத்தால் குற்றவாளி பெரும்பாலும் பேட்டரியாக இருப்பதில்லை. அதற்குச் சார்ஜ் ஏற்றும் பகுதியையோ, வண்டி நிற்கும்போது சார்ஜைத் திருடும் பகுதியையோதான் சந்தேகிக்க வேண்டும். முதலில் ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி காலையில் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். பிறகு இன்ஜினை ஓட்டி, சுற்றை நிமிடத்துக்கு 3,000க்கு மேல் ஏற்றி, பேட்டரி முனைகளிலேயே மீண்டும் பாருங்கள். 14 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜ் ஏறுகிறது. 13ஐக்கூடத் தாண்டாவிட்டால் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால், சார்ஜ் வோல்ட்டை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் பழுதாகி, பேட்டரியை வேக வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கழற்றிய பழைய பேட்டரிகளின் பக்கங்கள் உப்பியிருந்தால் இந்த மூன்றாவது நிலையைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்ததும் உடனே ரெகுலேட்டரை வாங்க ஓடாதீர்கள். நான் ஒரு முறை அப்படி ஓடினேன். புதியதை மாட்டிய பிறகும் மீட்டர் அசையவில்லை. பிறகுதான், இன்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சுருளான ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று வயர்களும் சேரும் பிளாஸ்டிக் கனெக்டரைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டியது தீய்ந்த தோசையின் ஓரம்போலப் பழுப்பேறி, ஒரு முனை உருகி உள்ளே ஒட்டியிருந்தது. தளர்ந்த இணைப்பு சூடாகும், சூடான இணைப்பு மேலும் தளரும். நம் ஈரக்காற்றில் செம்பு பச்சை பூத்து இதை இன்னும் விரைவாக்கும். பல ஜப்பானிய வண்டிகளில் அந்த மூன்று வயர்களும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். கனெக்டரைப் பிரித்து, வயர்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அளந்தால் மிகக் குறைந்த, ஏறக்குறைய சமமான ஓம் அளவு வர வேண்டும். எந்த வயருக்கும் இன்ஜின் உடலுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. அடுத்து மீட்டரை ஏசி அளவுக்கு மாற்றி, இன்ஜினை ஓட்டி, அதேபோல இரண்டிரண்டாகப் பாருங்கள்: சுற்று ஏற ஏற மூன்று சோடிகளிலும் வோல்ட் சமமாக ஏறினால் ஸ்டேட்டர் நலம். ஒரு சோடி மட்டும் பின்தங்கினால் ஸ்டேட்டரின் சுருள் கருகியிருக்கிறது. அப்போது இன்ஜின் மூடியைத் திறக்காமல் வழியில்லை.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன், கோபிக்காதீர்கள்: முன்னால் இரண்டு 55 வாட் கூடுதல் விளக்குகள் மாட்டியிருக்கிறீர்களா? அவை மட்டுமே 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தோட்டத்துச் செம்மண் சாலையில் மெதுவாக உருட்டிக்கொண்டு போகும்போது, குறைந்த சுற்றில் ஸ்டேட்டர் தருவது அதற்கே போய்விடும்.

கேள்வி: காலமான என் தந்தையின் ஹோண்டா கோல்ட் விங் 1500 மோட்டார்சைக்கிள், கோலகங்சாரில் உள்ள எங்கள் வீட்டின் தகரக் கொட்டகையில் நான்கு ஆண்டுகளாக நிற்கிறது. மீட்டரில் 60,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. புதிய பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், அம்மா. அந்த மாடல் 1988 முதல் 2000 வரை வந்தது. ஆகவே எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் உங்கள் வண்டிக்கு இருபது வயது தாண்டிவிட்டது. அதன் ஆறு சிலிண்டர் இன்ஜினில் வால்வுகளை இயக்குபவை இரண்டு ரப்பர் டைமிங் பெல்ட்டுகள். ரப்பர் கிலோமீட்டரைப் பார்த்து மட்டும் முதுமை அடைவதில்லை. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் பெல்ட்டின் விலை ஒன்றுமேயில்லை. அவற்றை எப்போது மாற்றினார்கள் என்பதற்குத் தந்தையின் பழைய ரசீதுகளில் சான்று கிடைக்காவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்டுகளை மாற்றிய பின்னும் பட்டனை உடனே அழுத்த வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, ஸ்பேனரால் இன்ஜினைக் கையாலேயே ஓரிரு சுற்று சுற்றி, தடையின்றிச் சுழல்கிறதா என்று பாருங்கள். பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள். டாங்கி இருக்கைக்கு அடியில் இருக்கிறது. முன்னால் டாங்கிபோலத் தெரிவது வெறும் மூடி, அதனுள் இருப்பது ஏர் ஃபில்டர். பழைய பெட்ரோல் காய்ந்து இரண்டு கார்புரேட்டர்களிலும் கோந்தாகப் படிந்திருக்கும் என்பதால் அவற்றைக் கழற்றிக் கழுவாமல் தப்ப முடியாது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. டயரின் வரிக்கட்டை எவ்வளவு மிச்சமிருந்தாலும் பழைய டயரோடு அந்தக் கனத்தைச் சாலைக்குக் கொண்டுவராதீர்கள். பேட்டரியிலும் சிக்கனம் வேண்டாம். அந்த வண்டி பின்னோக்கி நகர்வதும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் பலத்தால்தான். ஓட்டப்போவது நீங்களே என்றால் பி2 மோட்டார்சைக்கிள் உரிமம் 250 சிசி வரை மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: என் பெரிய வண்டிக்குக் கார் இன்ஜின் ஆயில் ஊற்றலாமா? விலை குறைவாக இருக்கிறதே?

பதில்: கிளட்ச்சும் அதே ஆயிலில் மூழ்கியிருக்கும் வண்டியென்றால் ஊற்றாதீர்கள், எரிபொருள் மிச்சப்படுத்தவென்று கார் ஆயிலில் சேர்க்கும் வழுக்குப்பொருள் கிளட்ச்சையும் வழுக்கச் செய்யும். டப்பாவில் மோட்டார்சைக்கிள் ஆயிலுக்கான ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற முத்திரையைத் தேடுங்கள். சங்கிலிக்குப் பதில் ஷாஃப்ட் (சுழல்தண்டு) உள்ள வண்டியானால் பின்சக்கரத்துக் கியர் பெட்டிக்குத் தனி ஆயில் உண்டு. அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: மனைவியையும் ஏற்றிக்கொண்டு கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கியபோது, பாதி வழியில் பிரேக் பிடி கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே போனது. கீழே தேநீர் குடித்துவிட்டு வந்தால் சரியாகிவிட்டது. பட்டறையில் பேட் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: பேட் நன்றாகத்தான் இருக்கும், கெட்டது பிரேக் திரவம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 4 என்ற தரத்திலுள்ள புதிய திரவம் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய திரவத்துக்கு அந்த எல்லை 155 பாகையாக இறங்கிவிடுகிறது. கனத்த வண்டி, இருவர், நீண்ட இறக்கம், விடாமல் அழுத்திய பிரேக் என எல்லாம் சேர்ந்தபோது பேட்டை வட்டின்மேல் அழுத்தும் காலிப்பருக்குள் திரவம் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகியிருக்கிறது. குமிழை அழுத்தினால் அது சுருங்குமே தவிர பிஸ்டனைத் தள்ளாது. தேநீர் நேரத்தில் ஆறியதும் குமிழ் மறைந்தது, நோய் மறையவில்லை.

திரவத்தை முழுவதும் மாற்றுங்கள். இனி இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினையே வண்டியைப் பிடிக்க விடுங்கள். திரவத் தொட்டியின் மூடியில் டாட் 4 என்று எழுதியிருந்தால் சிலிக்கான் வகையான டாட் 5ஐக் கலக்கவே கூடாது. வேலையைத் தொடங்கும் முன் பெயிண்ட் பகுதிகளை ஈரத்துணியால் மூடுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் பெயிண்டை உரித்துவிடும். திரவத் தொட்டி மூடியின் சிறு ஸ்க்ரூக்களுக்குச் சரியான அளவு ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள்; தலை தேய்ந்துவிட்டால், பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது டிரில்லிங் மிஷினைத் தேடிப்போகும் வேலையாகிவிடும்.