சொந்தத்தில் கட்டியதால்தான் கரு தங்கவில்லையா?

கேள்வி: அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். மூன்று முறை உண்டாகி, மூன்றும் எட்டு ஒன்பது வாரத்தில் கலைந்துவிட்டன. இரண்டு பேருக்கும் எச்.எல்.ஏ. ஜீன் ஒத்துப்போகிறது, அதனால்தான் உடம்பு கருவை ஏற்கவில்லை என்கிறார் ஒரு டாக்டர். கணவரின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை எடுத்து எனக்கு ஊசியாகப் போடலாம் என்கிறார். போட்டுக்கொள்ளலாமா?
- பெயர் வேண்டாம், செம்பூர், மும்பை

பதில்: வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணம்.

எச்.எல்.ஏ. என்பது ஆறாவது குரோமோசோமில் இருக்கும் ஜீன் கூட்டம். எது தன் உடம்பு, எது அந்நியம் என்று நோயெதிர்ப்பு அணுக்கள் பிரித்தறிவது இதை வைத்துத்தான். அத்தை மகன், மாமன் மகள் என்றால் தாத்தா பாட்டி வழியாக இதில் ஒரு பாதி இருவருக்கும் ஒன்றாக அமைய நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆனால் நம் ஊரில் இப்படிக் கட்டிக்கொண்டு வரிசையாகப் பிள்ளை பெற்றவர்கள் எத்தனை பேர், எண்ணிப் பாருங்கள். கரு கொஞ்சம் அந்நியமாகத் தெரிந்தால்தான் தாயின் உடம்பு அதைக் காக்கும், ஒத்துப்போனால் காக்காது, அதனால் கலைகிறது என்பது ஒரு காலத்தில் பலமாக நம்பப்பட்ட கருத்து, இன்று அதை வைத்துச் சிகிச்சை முடிவு செய்வதில்லை. அந்த வெள்ளணு ஊசியை அமெரிக்க ஆய்வாளர்கள் முறையாகச் சோதித்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள்: ஊசி போட்டவர்களில் 36 சதவீதம் பேருக்கும், வெறும் உப்புநீர் ஏற்றியவர்களில் 48 சதவீதம் பேருக்கும் கரு நிலைத்தது. அதாவது பலன் இல்லை என்பதோடு நிற்கவில்லை, கெடுதலாகக்கூட இருக்கலாம்.

ஜீனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவில்லை. கருப்பையில் என்.கே. (நேச்சுரல் கில்லர்) என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் உண்டு, பெயரில் கொலையாளி என்று இருந்தாலும் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் பாய வழி செய்வதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. எச்.எல்.ஏ.-வை இந்த அணுக்கள் அடையாளம் காண உதவும் தாயின் கே.ஐ.ஆர். ஜீனும் தந்தை வழியாகக் கருவுக்கு வந்த எச்.எல்.ஏ.-சி வகையும் ஒரு குறிப்பிட்ட விதமாகச் சேர்ந்தால் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதைக் கண்டுபிடித்தாலும் மாற்ற மருந்து இல்லையே, பிறகு எதற்கு அந்தச் சோதனைக்குச் செலவு?

நோயெதிர்ப்பு சம்பந்தமாக நிஜமாகவே பார்க்க வேண்டியது ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனை, அதாவது ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் எதிர்ப்பொருள்கள் உங்கள் உடம்பில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட், கார்டியோலிபின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன், இந்த மூன்றையும் கேளுங்கள். பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஒரே முறை பார்த்து முடிவு கட்டக் கூடாது. இரண்டு தடவையும் வந்தால் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் டாக்டர் மேற்பார்வையில் நல்ல பலன் தரும். கூடவே தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் அமைப்பு, உங்கள் இருவரின் குரோமோசோம். ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் சுமார் பாதிக்குக் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம், அது பெரும்பாலும் தற்செயலாக நேர்வது. இன்னொரு முறை அப்படி நேர்ந்தால் (நேர வேண்டாம்) திசுவை ஃபார்மலினில் போடாமல் உப்புநீரில் வைத்து குரோமோசோம் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் காரணமும் அகப்படாத பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அடுத்த கரு தானாகவே நிலைக்கிறது.

கேள்வி: கரு கலையும் என்று பயந்து, லோக்கல் ரயிலில் போகாதே, வேலையை விடு என்கிறார்கள் வீட்டில்.
- வாசகி, டோம்பிவிலி

பதில்: ரயில் குலுக்கலில் கரு கலையாது, படுத்தே கிடப்பதால் நிலைப்பதும் இல்லை. நெரிசலில் மயக்கம் வந்தால் மட்டும் ஒரு வண்டியை விட்டு அடுத்ததில் ஏறுங்கள்.