வாசகர் கேள்விகள்: பளு தூக்கும் மேடையில் என்னதான் நடக்கிறது?

(பதில் சொல்பவர் ஒரு காலத்தில் ரயில்வே அணிக்காகப் பளு தூக்கியவர். இப்போது மும்பைப் போட்டிகளில் நடுவராக உட்காருகிறார். சயான் கோலிவாடாவாசி.)

என் மகளுக்கு 13 வயது. பி.டி. டீச்சர் பளு தூக்குதலில் சேரச் சொல்கிறார். என் மாமியாரோ, "வளர்ற பொண்ணு, உயரம் நின்னுடும்" என்கிறார். சேர்க்கலாமா?
– ஒரு தாய், தாராவி

தாராளமாகச் சேருங்கள் அம்மா. எடை தூக்கினால் உயரம் நின்றுபோகும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. குறைந்த எடைப் பிரிவுகளில் ஜெயிப்பவர்கள் பெரும்பாலும் குள்ளமாக இருப்பதை உங்கள் மாமியார் டிவியில் பார்த்திருப்பார். தூக்கித் தூக்கிக் குள்ளமானவர்கள் இல்லை அவர்கள். கம்பி மேலே போகவேண்டிய தூரம் குள்ளமானவருக்குக் குறைவு, அதனால் இந்த விளையாட்டில் நிலைத்தவர்கள். ஒலிம்பிக் வெள்ளி வாங்கிய மீராபாய் சானுவே 5 அடியைத் தொடமாட்டார். கூடைப்பந்து ஆடி யாரும் நெட்டையாவதில்லை அல்லவா, அதே கதைதான்.

நீங்கள் விசாரிக்க வேண்டியது கோச்சைப் பற்றி. ஆரம்பத்தில் வெறும் கம்பையோ பிளாஸ்டிக் பைப்பையோ கையில் கொடுத்து அசைவைப் பழக்குபவர் நல்லவர். சேர்ந்த வாரமே "எவ்வளவு தூக்குவே, பார்க்கலாம்" என்று பிளேட்டை மாட்டினால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பெண்களுக்கான கம்பி 15 கிலோ, 25 மில்லிமீட்டர் பருமன். ஆண்களுடையது 20 கிலோ, 28 மில்லிமீட்டர். பெண்கள் கம்பி இருக்கிறதா என்றும் கேளுங்கள், பல இடங்களில் இருக்காது. இன்னொன்று: கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் அதைப் பூட்டுகிற 'ஹூக்' பிடியைப் பழக்குவார்கள். முதலில் உயிர் போகிற மாதிரி வலிக்கும். மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தலைக்கு மேல் தூக்கி நிறுத்திய பிறகும் சிவப்பு விளக்கு எரிகிறதே, என்ன நியாயம் சார்?
– கல்லூரி மாணவர், செம்பூர்

சிவப்பு காட்டுகிற ஆளிடமே கேட்கிறீர்கள், தம்பி. ஸ்னாட்ச் என்றால் தரையிலிருந்து தலைக்கு மேல் ஒரே இழுப்பு. கிளீன் அண்ட் ஜெர்க்கில் முதலில் தோளுக்கு (கிளீன்), அங்கிருந்து மேலே (ஜெர்க்). எதுவானாலும் கை நீண்ட பிறகு முழங்கை மடங்கக்கூடாது. மடங்கியதைத் தள்ளி நிமிர்த்தினால் அது 'பிரஸ் அவுட்', செல்லாது. கிளீனில் முழங்கை தொடையிலோ முட்டியிலோ பட்டாலும் செல்லாது. இரண்டு காலும் ஒரே கோட்டுக்கு வந்து, அசையாமல் நின்று, இறக்கச் சொல்லி சைகை வந்த பிறகுதான் கம்பியைக் கீழே விடவேண்டும். மூன்று நடுவரில் இரண்டு பேர் வெள்ளை காட்டினால் போதும். சிலருக்குப் பிறவியிலேயே கை முழுதாக நீளாது. அவர்கள் போட்டிக்கு முன்பே எங்களிடம் காட்டிவிட வேண்டும்.

'பிரஸ்' என்று மூன்றாவதாக ஒன்றும் இருந்தது, தோளிலிருந்து கை பலத்தாலேயே மேலே தள்ளுவது. முதுகை எவ்வளவு வளைத்தால் குற்றம் என்பதில் நடுவர்கள் ஒத்துப்போனதே இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அதைத் தூக்கிவிட்டார்கள். நான் பிழைத்தேன்.

பலகையில் எண்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 110 என்று போட்டவர் 112 தூக்குகிறார். அடுத்து யார் வருவார் என்றே புரியவில்லையே?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், டோம்பிவிலி

உங்களுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போகும் ஐயா. பாதி பலம் என்றால் மீதி கணக்கு.

ஸ்னாட்சில் மூன்று வாய்ப்பு, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (சுருக்கமாக ஜெர்க்) மூன்று. இரண்டிலும் அவரவர் சிறந்ததைக் கூட்டினால் 'டோட்டல்'. ஒன்றில் மூன்று வாய்ப்பும் போனால் டோட்டலே கிடையாது. கம்பியின் எடை ஏறும், இறங்காது. குறைவாகக் கேட்டவர் முதலில் வரவேண்டும். பெயர் கூப்பிட்டபின் 1 நிமிடம், தொடர்ந்து தானே தூக்கவேண்டியவருக்கு 2 நிமிடம். ஒவ்வொரு வாய்ப்புக்கும் சொன்ன எடையை இரண்டு தடவை மாற்றிக்கொள்ளலாம்.

அந்த இரண்டு தடவையில்தான் கூத்தெல்லாம். ஒருவர் 100 கிலோவில் தவறிவிட்டார் என்று வையுங்கள். அவருக்கு மூச்சு வாங்க நேரம் வேண்டும். அடுத்து நிற்பவர் கேட்டிருப்பது 101. உடனே இவருடைய கோச் 102 என்று எழுதிக் கொடுக்கிறார், அந்த ஆள் முதலில் போகட்டும் என்று. எதிர் கோச் சும்மா இருப்பாரா? தன் ஆளை 103-க்கு ஏற்றுகிறார். இப்போது களைத்தவரே மறுபடி மேடைக்கு வரவேண்டும், அதுவும் 2 கிலோ கூடுதலாக! டிவியில் இதைக் காட்டுவதில்லை. மேடைக்குப் பின்னால் அதிகாரியின் மேஜையைச் சுற்றி கோச்சுகள் பேனாவும் கையுமாக மோதிக்கொள்வதைப் பார்க்கவே நான் டிக்கெட் வாங்குவேன்.

ஆனாலும் முதல் எடையை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய முடிவு. தூக்கத்தில் எழுப்பினாலும் தூக்கக்கூடிய எடையை வைக்கவேண்டும் என்பது என் கட்சி. பேராசைப்பட்டு முதல் எடையிலேயே தவறினால் பிறகு இறங்க வழியில்லை. 2016 ரியோவில் மீராபாய்க்கு ஜெர்க்கில் மூன்றுமே தவறி, டோட்டல் இல்லாமல் திரும்பினார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கைப் பாருங்கள்: ஸ்னாட்சில் 84, 87 தூக்கினார், 89 தவறியது. ஜெர்க்கில் 110, 115 தூக்கினார், 117 தவறியது. ஆறில் இரண்டு போயும் 87-உம் 115-உம் சேர்ந்து 202 கிலோ, வெள்ளி. தவறியது இரண்டும் கடைசி வாய்ப்புகள் என்பதைக் கவனியுங்கள்.

டோட்டல் சமமானால்? முன்பெல்லாம் உடல் எடை குறைந்தவருக்கு வெற்றி. இப்போது அந்த டோட்டலை முதலில் எட்டியவருக்கு.

ஜிம்மில் டெட்லிஃப்ட் 160 போடுகிறேன். போட்டிக்கு வரலாமா?
– ஒரு வாசகர், முலுண்ட்

அது பவர்லிஃப்டிங். ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் (படுத்தபடி மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து இடுப்புவரை தூக்குவது) மூன்றும் அங்கே. ஒலிம்பிக்கில் இல்லை. முதுகு பலம் இங்கே உதவும், ஆனால் தோளும் கணுக்காலும் வளைய வேண்டும். வந்து பாருங்கள்.

இதில் வேலை கிடைக்குமா அண்ணா?
– ஆண்டாப்ஹில் இளைஞர்

எனக்குக் கிடைத்தது. ரயில்வே, ராணுவம், போலீஸ் எல்லாவற்றிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. நம் வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் தெற்கு ரயில்வே ஆள்தான். காமன்வெல்த் போட்டியில் 2014-இல் 328 கிலோவுக்கும், 2018-இல் 317 கிலோவுக்கும் தங்கம் வாங்கினார். ஆனால் மாவட்ட அளவில் ஒரு சான்றிதழை வைத்துக்கொண்டு வேலைக்கு அலையாதீர்கள். தேசியப் போட்டி வரை போகவேண்டும். அதுவரை படிப்பை விடாதீர்கள்.

சாலில் (வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள குடியிருப்பு) இரண்டாம் மாடியில் இருக்கிறேன். கம்பியும் பிளேட்டும் வாங்கி வீட்டிலேயே பழகலாமா?
– ஒரு வாசகர், மாட்டுங்கா லேபர் கேம்ப்

ஐயோ, வேண்டாம். இந்த விளையாட்டில் எடையைக் கீழே போட்டுத்தான் ஆகவேண்டும். போட்டி மேடையே 4 மீட்டருக்கு 4 மீட்டர், உங்கள் அறையைவிடப் பெரிதாக இருக்கும். நம் ஊர் மழையில் கம்பியும் துருப்பிடித்துவிடும். துடைப்பக் கம்பை அகலமாகப் பிடித்துத் தலைக்கு மேல் நிமிர்த்துங்கள். அப்படியே முழுதாக உட்கார்ந்து எழுங்கள். குதிகால் தரையை விட்டுக் கிளம்பக்கூடாது, கம்பு முன்னால் சாயக்கூடாது. பத்துத் தடவை ஒழுங்காக வந்தால் அப்புறம் ஜிம் தேடலாம்.