அப்பாவுக்கு ஸ்டென்டா பைபாஸான்னு கேட்டிருந்தீங்க

புற்றுநோய்க் கட்டியால இரைப்பைல இருந்து குடலுக்கு போற வாய் அடைச்சு குடிச்ச தண்ணி கூட வாந்தியா வருது, டாக்டர் ரெண்டு வழி சொல்லிட்டு முடிவு பண்ண சொல்லிட்டாருன்னு எழுதியிருந்தீங்க, எங்க அம்மாவுக்கும் இதே நிலைமைல நாங்களும் முழிச்சோம்.

ஸ்டென்ட்னா எண்டோஸ்கோப்பி வழியா ஒரு வலைக்குழாய வச்சு அடைப்ப விரிக்கிறது, வயித்த கிழிக்க வேண்டாம், பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல கஞ்சி மாதிரி இறங்க ஆரம்பிக்கும். ஆனா சில மாசத்துல கட்டி உள்ள வளந்து மறுபடி அடைக்கலாம், சில சமயம் இடம் நகந்துடும், அப்ப இன்னொன்னு வைக்கணும். பைபாஸ்னா அடைப்ப அப்படியே விட்டுட்டு இரைப்பைய நேரா சிறுகுடலோட இணைக்கிற ஆபரேஷன், தேற நாள் ஆகும் ஆனா ரொம்ப நாள் தாங்கும். அதனால பொதுவா 2 மாசத்துக்கு மேல உயிரோட இருப்பாருன்னு எதிர்பார்க்கலாம், உடம்பும் ஆபரேஷன தாங்கும்னா பைபாஸ், இல்லன்னா ஸ்டென்ட்னு சொல்வாங்க. "அப்பா இன்னும் எவ்வளவு நாள் இருப்பாரு"ன்னு டாக்டர்கிட்ட நேரா கேக்க கஷ்டமாதான் இருக்கும், கேளுங்க, அது தெரியாம இத முடிவு பண்ணவே முடியாது.

இன்னொன்னு, ஸ்கேன்ல கீழ குடல்லயும் அடைப்பு இருக்கான்னு கண்டிப்பா கேளுங்க. பல இடத்துல அடைச்சிருந்தா மேல ஸ்டென்ட் வச்சும் பிரயோஜனம் இல்ல. அப்ப ஆக்ட்ரியோடைட் ஊசி போட்டு குடல்ல நீர் சுரக்குறத குறைப்பாங்க, வயித்துல சின்ன குழாய் வச்சு தேங்குறத வெளிய எடுப்பாங்க, மூக்கு ட்யூபோட அவஸ்தை இல்லாம வாந்தி அடங்கும். முழு அடைப்புன்னா மெட்டோகுளோப்ரமைட் மாதிரி குடல முடுக்குற மாத்திரை வயித்த முறுக்கி வலிய கூட்டும், வாந்திக்குன்னு நீங்களா வாங்கி குடுத்துடாதீங்க. ஸ்கேன் ரிப்போர்ட்ல என்ன போட்டிருக்குன்னு எழுதுங்க, பாக்கலாம்.