ஒரே உரிமத்தை 40 படகுகள் பங்கு போடலாமா?

கேள்வி: பாம்பன் தெற்குவாடியில் எங்கள் சங்கத்துக்கு 40 படகுகள். சங்கத்தின் பேரில் ஒரே உரிமம் எடுத்து, எங்களுக்கென்றே ஓர் அலைவரிசையை எல்லா வாக்கி டாக்கியிலும் போட்டுத் தருவதாக ஏஜென்ட் ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அலைவரிசை பட்டா நிலமில்லை, வாங்கிப் பாகம் பிரிக்க. தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு தருவது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. கடலில் பேசுவதற்கான விஎச்எஃப் (மிக உயர் அலைவரிசை) செட்டுக்கு அந்த உரிமம் படகுக்குப் படகு தனி. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் பகிர்வையும் குத்தகையையும் அனுமதிக்கிறதே என்று ஏஜென்ட் வாதாடுவார். அதற்கும் மத்திய அரசு ஒப்புதல் தர வேண்டும்; சங்கத் தீர்மானம் போதாது.

கடலில் 'நமக்கு மட்டும்' என்று சேனல் கிடையாது. 16-ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்கும் அழைப்புக்கும். அழைத்தவுடன் 72, 77 போன்ற சேனலுக்கு மாறிப் பேச வேண்டும். அவற்றைச் சரக்குக் கப்பலும் இலங்கைப் படகும் கூடப் பயன்படுத்தும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசும் பொத்தான் ஐஸ் பெட்டிக்கடியில் அமுங்கிக் கிடந்தால் சுற்றுவட்டாரத்துக்கே சேனல் அடைபடும். பக்கத்துப் படகின் பலமான அலை, தூரத்தில் மூழ்குகிறவரின் மெல்லிய குரலை முழுக்க விழுங்கிவிடும். தோன்றிய அலைவரிசை எண்ணை 5 வாட் கைச்செட்டில் பதித்துத் தருகிறவருக்கு இந்தக் கவலையே இல்லை. அந்த எண் 161.975 அல்லது 162.025 ஆக இருந்தால், கப்பல்கள் மோதாமலிருக்க இடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் கருவிகளுக்கே இடைஞ்சல்.

பெரிய ஏமாற்று இன்னொன்று: ஈ.டி.ஏ. சான்றிதழைக் காட்டி 'இதுதான் லைசென்ஸ்' என்பார்கள். அது அந்த மாடல் கருவிக்கான தொழில்நுட்ப ஒப்புதல். நீங்கள் பேசுவதற்கான அனுமதி அல்ல.

உரிமமே வேண்டாத வாக்கி டாக்கியும் உண்டு, ஆனால் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் மட்டும். கருவி வெளியிடும் சக்தி அரை வாட்டைத் தாண்டக் கூடாது. அந்த மாடலுக்கு ஈ.டி.ஏ.வும் இருக்க வேண்டும். 400 முதல் 520 வரை எங்கும் திருப்பக்கூடிய செட்டில் 446-ஐ வைத்துக்கொண்டேன் என்றால் விலக்கு கிடைக்காது. உயரமான வெளி ஆன்டெனா மாட்டினாலும் அந்தச் சக்தி வரம்பு மீறலாம். அடுத்தவர் குறுக்கிட்டால் புகார் சொல்லவும் உரிமையில்லை. சில கிலோமீட்டருக்குள் படகுக்குப் படகு பேச உதவும். ஆபத்தில் கப்பலையோ கடலோரக் காவல்படையையோ கூப்பிட உதவாது. ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் இதை நம்பிப் போகாதீர்கள்.

முறையான வழி, தொலைத்தொடர்புத் துறையின் உரிமங்களுக்கு விண்ணப்பிக்கும் சரல் சஞ்சார் இணையதளம். கப்பல் நிறுவனத்துக்குத் தைத்த சட்டையை வல்லத்துக்காரருக்கும் மாட்டிவிடுகிற நடைமுறை அது. எளிய தமிழ்ப் படிவம் ஒன்று இருந்தால் பாதி ஏஜென்ட்டுகளுக்கு வேலையே இருக்காது. இருந்தாலும் படகுப் பதிவுச் சான்றோடு படகு உரிமையாளரே விண்ணப்பியுங்கள். கடவுச்சொல்லை யாருக்கும் தராதீர்கள். செட் வாங்கும்போது ரசீதில் மாடல், வரிசை எண், அலைவரிசை மூன்றும் எழுதி வாங்குங்கள். முன்பணம் ஏற்கெனவே போயிருந்தால், ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள்.