மறு: ஆன்டிபயாடிக் எடுத்ததிலிருந்து வயிற்றுப்போக்கு, தயிரும் உறைய மாட்டேங்குது

கோத்தகிரிக் குளிரில் தயிர் உறையவில்லை, ஆன்டிபயாடிக் தொடங்கியதிலிருந்து வயிறு கலங்குகிறது, புரோபயாட்டிக் (குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்) கேப்சூல் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஆன்டிபயாடிக் நோய்க்கிருமியோடு குடலின் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அடித்துவிடும். டாக்டரிடம் சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற புரோபயாட்டிக் பற்றிக் கேளுங்கள். அது பாக்டீரியா அல்ல, ஈஸ்ட்; அதனால் ஆன்டிபயாடிக்கில் சாகாது. பாக்டீரியா வகை கேப்சூல் என்றால் ஆன்டிபயாடிக்கிலிருந்து 2 மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்.

தயிருக்கு, பால் விரல் தாங்கும் சூட்டில், 40 டிகிரி வாக்கில் இருக்கும்போதே உறை ஊற்றி ஹாட்பேக்கில் மூடிவையுங்கள். நம் மலையில் சும்மா மேடையில் வைத்தால் விடிந்தாலும் பாலாகவே இருக்கும். மோர்க்குழம்பாகக் கொதிக்கவிட்டால் தயிரின் நல்ல பாக்டீரியா செத்துவிடும், ருசிதான் மிச்சம்! கேப்சூலுக்கு ஈடாகவும் தயிரை நினைக்காதீர்கள்.

மலத்தில் ரத்தமோ, காய்ச்சலோ இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். ஆன்டிபயாடிக்கை நீங்களாக நிறுத்த வேண்டாம்.